குடியேற்ற விசா நேர்காணலும் நம் வீட்டுக் காகிதங்களும்

(கல்லாறில் நடந்த நம் அங்கத்தினர்களின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவனுக்கு ஒரு பயம் உண்டு. ஆனால் "தலைப்பு அமெரிக்கா விசா, அதனால் யாரும் தூங்கமாட்டார்கள்" என்று காரியதரிசி தைரியம் சொல்லியிருக்கிறார். நம்மில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அங்கே இருக்கிறார்கள். "அப்பா, நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள்" என்ற பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. எங்கள் வீட்டில் அது பேச்சோடு நிற்காமல் மனு, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் என்று போய் முடிந்தது. அந்த அனுபவத்தைத்தான் சொல்லப் போகிறேன். நான் வக்கீல் அல்ல. வேதியியல் பட்டதாரி. மாநில அரசில் வேலை பார்த்து 2005-ல் ஓய்வு பெற்றவன்.

முதலில் ஒரு தெளிவு. குழந்தைகளைப் பார்க்கப் போகிற பயண விசா வேறு, குடியேற்ற விசா வேறு. பயண விசா பெரும்பாலும் பத்து வருஷத்துக்குத் தருகிறார்கள். ஒரு தடவை போனால் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். அந்த நேர்காணலில் நாம் நிரூபிக்க வேண்டியது, "நான் திரும்பி வந்துவிடுவேன்" என்பதை. குடியேற்ற விசா என்பது அங்கேயே நிரந்தரமாக வசிக்கப் போகிறவர்களுக்கு. அதைத்தான் பேச்சு வழக்கில் க்ரீன் கார்டு என்கிறோம்.

இன்னொன்று, ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வரிசையில் நின்ற ஞாபகம் நம்மில் பலருக்கு இருக்கும். பெற்றோருக்கான குடியேற்ற விசாவை இப்போது அங்கே கொடுப்பதில்லை. சென்னைக்காரரானாலும், திருவனந்தபுரத்துக்காரரானாலும், மும்பைக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள துணைத் தூதரகம் 2011 வரை ப்ரீச் கேண்டியில் லிங்கன் ஹவுஸ் என்ற பழைய மாளிகையில் இருந்தது. இப்போது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது.

நம்மவர்கள் அமெரிக்கா போவதை இன்று சாதாரணமாகப் பேசுகிறோம். 1917-ஆம் வருஷச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து குடியேற்றத்தையே தடுத்தது. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடையாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல் சட்டத்தைத் திருத்தி, இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒதுக்கினார்கள். 1965-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் கதவைத் திறந்தது. குடும்பத்தைச் சேர்த்து வைப்பது என்ற கொள்கை அந்தச் சட்டத்தின் மையத்தில் இருக்கிறது. 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகன் தன் தாய் தந்தையருக்கு மனுச் செய்தால், அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் சகோதர சகோதரிகளுக்கு மனுச் செய்தால் வரிசை உண்டு. இந்தியாவைப் பொறுத்தவரை, 2006-ல் மனுச் செய்தவர்களின் முறை 2025-ல்தான் வந்தது. ஆகவே "தங்கைக்கும் ஒரு மனுப் போட்டு வை" என்று பிள்ளைக்குச் சொல்கிறவர்கள் அந்தத் தங்கையின் வயதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே பெண். நியூ ஜெர்ஸியில் இருக்கிறாள். 2021-ல் குடியுரிமை பெற்றாள், 2022-ல் எங்களுக்காக ஐ-130 என்ற மனுவைத் தாக்கல் செய்தாள். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அப்பாவுக்குத் தனி மனு, அம்மாவுக்குத் தனி மனு. ஒருவருக்குப் போட்டால் மற்றவர் கூடவே வந்துவிட முடியாது. அப்போது மனு ஒன்றுக்கு 535 டாலர். 2024 ஏப்ரலில் அது காகிதத்தில் கொடுத்தால் 675, கணினி வழியாகக் கொடுத்தால் 625 என்று உயர்ந்தது. பிறகு விசாக் கட்டணம் ஆளுக்கு 325 டாலர். கட்டணங்கள் அடிக்கடி மாறும். இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தனி மனு விவகாரம் பின்னால் எங்களை எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்கிறேன்.

இப்போது காகிதங்களுக்கு வருகிறேன். உத்தியோக காலத்தில் எத்தனையோ பேரிடம் சான்றிதழ் கேட்டவன், மேஜையின் இந்தப் பக்கம் வந்து நின்றேன்.

முதலாவது, என் பிறப்புச் சான்றிதழ். நான் பிறந்தது இதே கல்லாறில், 1950-ல். தகப்பனார் இந்தப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கணக்கர். அன்று இது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். பிரசவம் பார்த்தது மருத்துவச்சி. பதிவு என்ற பேச்சே கிடையாது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல்தான் வந்தது, 1970 ஏப்ரல் முதல் அமலானது. அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இருக்கும் என்பது அமெரிக்கர்களுக்கும் தெரியும். உள்ளாட்சி அலுவலகத்தில் தேடச் சொல்லி, "பதிவேட்டில் இல்லை" என்று சான்று வாங்க வேண்டும். அதனோடு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், நம்மைவிட வயதில் மூத்த நெருங்கிய உறவினர் எழுதிக் கொடுத்த பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். எனக்கு 84 வயதில் ஒரு அத்தை இருந்தார். "இவன் பிறந்த அன்றைக்கு ஆத்திலே தண்ணி கரை புரண்டு ஓடித்து" என்று நோட்டரியிடம் சொன்னார். நோட்டரி அதை எழுதிக்கொள்ளவில்லை, தேதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

ஊர்ப் பெயரிலும் ஒரு சிக்கல். கல்லும் ஆறுமாக இருக்கிற இடத்துக்கெல்லாம் நம் முன்னோர் கல்லாறு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இடுக்கியில் ஒரு கல்லாறு, மேட்டுப்பாளையத்துக்கு மேலே நீலகிரி ரயில் பாதையில் ஒரு கல்லாறு. ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, அப்படியே எல்லா விண்ணப்பங்களிலும் எழுத வேண்டும். விதுரா பக்கம், நெடுமங்காடு தாலுகா, திருவனந்தபுரம் ஜில்லா என்று பிரமாணப் பத்திரத்தில் விவரமாகச் சேர்த்துவிட்டேன்.

இரண்டாவது, கல்யாணப் பதிவு. எங்கள் விவாகம் 1976-ல் கரமனை அக்ரஹாரத்தில் நடந்தது. ஜானவாசம், ஊஞ்சல் எல்லாம் உண்டு. பதிவு மட்டும் இல்லை. தாயாருக்கு மனுச் செய்யும்போது பெண்ணின் பிறப்புச் சான்றே போதும். தகப்பனாருக்குச் செய்யும்போது பெற்றோரின் விவாகச் சான்றும் வேண்டும். கல்யாணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. அதையொட்டிக் கேரளத்தில் 2008-ல் விதிகளும், தமிழ்நாட்டில் 2009-ல் சட்டமும் வந்தன. பழைய கல்யாணத்தையும் பதிவு செய்ய வழி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, சாட்சிகள் வேண்டும். ஆனால் 1976-ல் மணமேடையைச் சுற்றி நின்ற பெரியவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? எங்களுக்கு இரண்டு சாட்சிகள் கிடைத்தார்கள். ஒருவர் அன்று எட்டு வயதில் பட்டுப் பாவாடையோடு நின்ற என் மைத்துனி.

மூன்றாவது, பெயர். இதில்தான் நம் சமூகத்துக்கே உரிய வினோதங்கள் வருகின்றன. என் மனைவிக்கு அவளுடைய அப்பாவின் அம்மா பெயரை வைத்தார்கள். மாமியார் பெயரைச் சொல்லி மருமகள் எப்படிக் குழந்தையைக் கூப்பிடுவாள்? ஆகவே வீட்டில் வேறு பெயர். அந்தக் கூப்பிடும் பெயரே ஊருக்கெல்லாம் தெரிந்த பெயராகிவிட்டது. 1979-ல் எங்கள் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தாயார் பெயர் என்று யாரோ அதைச் சொல்ல, பிறப்புச் சான்றிலும் அதுவே ஏறிவிட்டது. பாஸ்போர்ட்டில் இருப்பதோ பாட்டியின் பெயர். மூன்றாம் மனிதர் பார்த்தால் இரண்டும் வேறு வேறு பெண்கள். "இருவரும் ஒருவரே" என்று பிரமாணம் செய்து, இரண்டு பெயரும் சேர்ந்து வருகிற பழைய ஆவணம் ஒன்றைத் தேடினோம். கடைசியில் கை கொடுத்தது எங்கள் கல்யாணப் பத்திரிகை. சிரஞ்சீவி சௌபாக்கியவதி என்று தொடங்கி, சர்மப் பெயருக்கு அடுத்து "என்கிற" என்று கூப்பிடும் பெயரையும் என் மாமனார் அச்சடித்திருந்தார். 48 வருஷம் கழித்து மும்பையில் காட்டப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நம் இனிஷியலும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யூ" என்று மூன்று எழுத்துப் போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் அங்கே வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் "மிஸ்டர் எஃப்என்யூ" என்று கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே தகப்பனார் பெயரையோ ஊர்ப் பெயரையோ குடும்பப் பெயராக விரித்து எழுதிக்கொள்வது நல்லது.

இவற்றோடு போலீஸ் சான்று, டிஎஸ்-260 என்ற நீண்ட விண்ணப்பம். பிறகு பிள்ளைகள் தர வேண்டிய ஐ-864 என்ற பொறுப்பு உறுதி. இதை வெறும் கையெழுத்து என்று நினைக்கக்கூடாது. அந்த நாட்டின் வறுமைக்கோட்டில் 125 சதவிகிதம் வருமானம் இருக்கிறது என்று அவர்கள் காட்ட வேண்டும். எங்கள் பெண், மாப்பிள்ளை, இரண்டு குழந்தைகள், நாங்கள் இருவர் என்று ஆறு பேருக்கு 2024-ல் அது 52,450 டாலர். நாம் அந்த நாட்டுக் குடிமக்கள் ஆகும்வரை, அல்லது பத்து வருஷ வேலைக் கணக்குச் சேரும்வரை, அல்லது நிரந்தரமாக வெளியேறும்வரை, அல்லது காலமாகும்வரை அந்தப் பொறுப்பு அவர்களை விடாது. பெற்றோரை அழைக்கிற குழந்தைகள் எடுத்துக்கொள்ளும் சுமை இது. நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் நேர்காணல் என்று கடிதம் வந்தது. மருத்துவப் பரிசோதனைக்காக முன்னதாகவே மும்பை போய், மாதுங்காவில் உறவினர் வீட்டில் தங்கினோம். தூதரகம் அங்கீகரித்த டாக்டர்களிடம் மட்டுமே இதைச் செய்துகொள்ள முடியும். எங்கள் வயதுக்கு மார்பு எக்ஸ்ரே, உடல் பரிசோதனை, சில தடுப்பூசிகள். எனக்கு ஒரே நாளில் முடிந்தது. என் மனைவியின் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு வடு தெரிந்தது. சிறு வயதில் அவளுக்கு "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" வந்து, மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்களாம். அது ஐம்பதுகளின் கதை.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் சொல்ல அனுமதியுங்கள். ஆறிப்போன காசநோய் நுரையீரலில் தழும்பை விட்டுச் செல்லும். எக்ஸ்ரேயில் தழும்பு தெரியுமே தவிர, அதற்குள் உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று தெரியாது. அதற்குச் சளியை எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். குடலில் இருக்கும் சாதாரண பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்குச் சுமார் இருபது மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் "வளரவில்லை" என்று உறுதியாகச் சொல்ல எட்டு வாரம் வரை காத்திருக்கிறார்கள். மூன்று நாள் தொடர்ந்து காலையில் வெறும் வயிற்றோடு போய்ச் சளி கொடுத்தாள். யாரும் அவளை அவமரியாதையாக நடத்தவில்லை. ஆனால் தனியறையில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த எழுபது வயதுப் பெண்மணிக்கு மனசு எப்படி இருக்கும்? "எனக்கு ஒண்ணுமில்லேன்னா அறுபது வருஷமா இருமாம இருக்கேனே, அது போறாதா?" என்று கேட்டாள்.

முடிவு வருவதற்கு முன்பே நேர்காணல் நாள் வந்துவிட்டது. முந்தைய நாள் கைரேகையும் புகைப்படமும் எடுக்கும் மையத்துக்குப் போய்வந்தோம். மறுநாள் விடிகாலையில் பாந்த்ரா. கைபேசி கொண்டுபோகக் கூடாது. காகிதங்களைத் தலைப்பு வாரியாக அடுக்கி, எது கேட்டாலும் உடனே எடுக்கும்படி வைத்திருந்தேன். இளம் அதிகாரி ஒருவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். வலது கையைத் தூக்கி உண்மை சொல்வதாகப் பிரமாணம் எடுக்கச் சொன்னார். மனுச் செய்தது யார், எத்தனை குழந்தைகள், முன்பு அமெரிக்கா போயிருக்கிறீர்களா, போனபோது எத்தனை நாள் தங்கினீர்கள் என்று கேட்டார்.

"எப்போது திருமணம்?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் "ஆனி மாசம்" என்று தொடங்கி, சுதாரித்துக்கொண்டு, "ஜூலை நாலு, 1976" என்றாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அமெரிக்கா சுதந்திரம் அடைந்து சரியாக 200 வருஷம் நிறைந்த நாள் அது. எங்களுக்கு அது ஹஸ்த நட்சத்திரம் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கல்யாணப் பத்திரிகையின் மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்த்து, இரண்டு பெயர் விஷயத்தை ஏற்றுக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதுதான் எங்களை உலுக்கிவிட்டது. "உங்கள் விசா சரி. மனைவியின் மருத்துவ அறிக்கை வராததால் அவருடையது நிலுவை" என்று 221(ஜி) என்ற பிரிவு அச்சிட்ட சீட்டைக் கொடுத்தார். அது இறுதி மறுப்பு அல்ல, குறை நிவர்த்தியாகும்வரை நிறுத்தி வைப்பு. ஆனால் தனித்தனி மனு என்பதன் அர்த்தம் அப்போதுதான் முழுசாக உறைத்தது. ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். என் மருத்துவச் சான்றுக்கு ஆறு மாத ஆயுள், விசாவுக்கும் அதே கெடு.

அன்று ராத்திரி மாதுங்காவில் என் மனைவி, "ஏன்னா, எனக்கு வரலேன்னா நீங்க போயிடுங்கோ. குழந்தை ஆசையா இருக்கா. நான் இங்கே தங்கை ஆத்திலே இருந்துக்கறேன்" என்றாள். "48 வருஷம் கழிச்சு இதுக்கா கல்யாணச் சான்றிதழ் வாங்கினேன்?" என்று கேட்டேன். அவளுக்கு வராவிட்டால் என் விசாவைக் காலாவதியாக விட்டுவிடுவது என்று அன்றே முடிவு செய்து, பெண்ணுக்கும் போனில் சொல்லிவிட்டோம். அவள் அழுதாள். ஆனால் வாதாடவில்லை.

நவம்பரில் முடிவு வந்தது. எதுவும் வளரவில்லை. சில நாட்களில் விசாவும் வந்தது. ஆனால் வடு இருப்பதால் அவளுடைய மருத்துவச் சான்று மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். ஆக, இரண்டு கெடுவுக்கும் பொதுவான காலத்துக்குள் பயணம் செய்ய வேண்டும். 2025 ஜனவரியில் போனோம். போன பிறகு அந்த ஊர்ச் சுகாதாரத் துறையினர் அழைத்து மறுபடி ஒரு தடவை பார்த்தார்கள், மரியாதையாகப் பார்த்தார்கள்.

போன பிறகு நடப்பது பற்றி நாலு வார்த்தை.

ஒன்று, வைத்தியச் செலவு. 65 வயதானவர்களுக்கான மெடிகேர் திட்டம், அங்கே வேலை பார்க்காத நம்மைப் போன்றவர்களுக்கு, க்ரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருஷம் வசித்த பிறகே விலை கொடுத்து வாங்கக் கிடைக்கும். 2025-ல் ஆஸ்பத்திரிப் பகுதிக்கு மாதம் 518 டாலர், டாக்டர் பகுதிக்கு 185 டாலர். அதுவரை தனியார் இன்ஷூரன்ஸ். இந்தக் கணக்கைப் போடாமல் விமானம் ஏறக்கூடாது.

இரண்டு, வசிப்பு. க்ரீன் கார்டு என்பது வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற சீட்டு அல்ல. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருக்க நேர்ந்தால், கிளம்புவதற்கு முன்பே மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கினாலே கேள்வி வரும். நாங்கள் வருஷத்தில் நாலு மாதம் இங்கே என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்க முடிகிறது.

மூன்று, பணம். அங்கே குடியிருப்பவர் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்நிய நாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் தனியாகத் தெரிவிக்க வேண்டும். இங்கே சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். பென்ஷன் நிற்காது. உயிர்வாழ் சான்று மட்டும் வருஷா வருஷம் தர வேண்டும். இரண்டு நாட்டுக் கணக்கும் தெரிந்த ஆடிட்டரிடம் போவது உத்தமம்.

நான்கு, மனசு. பேரக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் நீங்கள் இருவர் மட்டுமே. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கு வாசல்படியே எல்லை. குளிர் காலத்தில் அதுவும் இல்லை. என் மனைவி பக்கத்திலுள்ள நூலகத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்ந்தாள், நான் பேரனுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். ஏதாவது ஒரு வேலை இல்லாமல் அங்கே இருக்க முடியாது. ஆகவே குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று இருப்பவர்களுக்கு என் அபிப்பிராயம், பயண விசாவே சிறந்தது. இருவரில் ஒருவர் தளர்ந்து, இங்கே பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்ற நிலை உள்ளவர்களுக்குத்தான் குடியேற்றம் பொருந்தும்.

போகிறவர்களும் சரி, போகப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவர்களும் சரி, செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. உங்கள் விவாகத்தைப் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றோ, "இல்லை" என்ற சான்றோ வாங்கி வையுங்கள். ஆவணங்களில் இரண்டு பெயர் இருந்தால், சாட்சி சொல்ல மூத்தவர்கள் இருக்கும்போதே பிரமாணப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். எனக்காகக் கையெழுத்திட்ட அத்தை, நேர்காணலுக்கு நாலு மாதம் முன்பு காலமாகிவிட்டார். இதெல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும் வேண்டியதல்ல. குடும்ப பென்ஷனுக்கும், வங்கிக்கும், வீட்டுப் பட்டா மாற்றத்துக்கும் இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

கேள்விகள் இருந்தால் காப்பிக்குப் பிறகு கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். காகிதங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.